பிரான்சில் பிறந்த 11 அடுக்கு கப்பல் புதுச்சேரிக்கு வந்தது: கரையை மட்டும் தொடவில்லை!

கருவடிக்குப்பம்,-

நீளம் 692 அடி. அகலம் 100 அடி. உயரம் 11 அடுக்கு. உள்ளே நீச்சல் குளம், நாடக மேடை, சாப்பாட்டுக் கூடம், கடை, வைத்திய அறை. அத்தனையும் தண்ணீரில் மிதக்கிறது!

கப்பலின் பெயர் 'எம்பிரஸ்'. பேரரசி என்று அர்த்தம். 'கார்டிலியா குரூயிஸ்' என்ற கம்பெனி இதை உல்லாசப் பயணத்துக்காக வாங்கியது.

2025-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி இந்தக் கப்பல் புதுச்சேரிக்கு வந்தது. வந்த கப்பல் கரைக்கு வரவில்லை. தூரத்தில் கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றது. பயணிகள் சிறு படகுகளில் இறங்கி துறைமுகத்துக்கு வந்தார்கள். ஊரைச் சுற்றிப் பார்த்தார்கள். திரும்பவும் படகில் ஏறி கப்பலுக்குப் போய்விட்டார்கள்.

கருவடிக்குப்பத்தில் இருந்து கிழக்குக் கடற்கரை சாலையைத் தாண்டி கிழக்கே போனால் சோலை நகர், வைத்திக்குப்பம். அதற்கு அப்பால் கடல். கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரில் ஒரு கேள்வி எழாமல் இருக்குமா?

"அம்மாம் பெரிய கப்பலுக்கு கரைக்கு வர என்னா கேடு?"

கேள்வி சின்னதுதான். பதிலில் ஒரு பெரிய கதையே இருக்கிறது.

பிறந்த வீடு

எம்பிரஸ் பிறந்தது பிரான்சு நாட்டில். அங்கே லுவார் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சேன் நசேர் என்று ஒரு ஊர். கப்பல் கட்டுவதுதான் அந்த ஊரின் தொழில். 'நார்மண்டி', 'பிரான்ஸ்', 'குயின் மேரி-2' ஆகிய பெயர் பெற்ற கப்பல்கள் எல்லாம் அங்கே கட்டியவை.

எம்பிரசும் அங்கே கட்டி 1990-ல் ஓடத் தொடங்கியதுதான். அப்போது அதன் பெயர் 'நார்டிக் எம்பிரஸ்'. அமெரிக்காவில் 3 நாள், 4 நாள் என்று குறுகிய பயணம் போகிறவர்களுக்காகவே திட்டம் போட்டுக் கட்டிய கப்பல் இது.

பிறகு பெயர் மாறியது. கம்பெனி மாறியது. அமெரிக்கக் கடல், ஸ்பெயின் கம்பெனி, கியூபா பயணம் என்று சுற்றியது. 2020-ல் விலைக்கு வந்தது. 2021 செப்டம்பரில் மும்பையில் இருந்து இந்தியப் பயணிகளோடு புறப்பட்டது.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊருக்கு பிரெஞ்சு மண்ணில் பிறந்த கப்பல் வந்திருக்கிறது. பொருத்தம் என்றால் இதுவல்லவா பொருத்தம்!

எப்படிக் கட்டுகிறார்கள்?

அந்தக் காலத்தில் கப்பல் கட்டுவது வீடு கட்டுவது மாதிரி. அடியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக மேலே போவார்கள்.

இப்போது அப்படி இல்லை. கப்பலை முதலில் காகிதத்திலும் கம்ப்யூட்டரிலும் துண்டு துண்டாகப் பிரித்து விடுகிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு கட்டடம் அளவு இருக்கும். எஃகுத் தகடுகளை வெட்டி, வெல்டிங் வைத்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனி கொட்டகையில் செய்கிறார்கள். குழாய், கரண்ட் ஒயர் எல்லாம் அங்கேயே பொருத்தி விடுவார்கள்.

பிறகு ராட்சத கிரேன் அந்தத் துண்டுகளைத் தூக்கி வந்து ஒரு பெரிய பள்ளத்தில் வரிசையாக வைக்கும். அதற்கு உலர் துறை என்று பெயர். அங்கேதான் துண்டோடு துண்டு ஒட்டி முழுக் கப்பல் ஆகிறது.

முதல் துண்டை வைக்கும்போது அடியில் ஒரு நாணயம் வைப்பது வழக்கம். நம்மூரில் வாசக்கால் வைக்கிறபோது காசு போடுகிறோம் அல்லவா? அதே மாதிரிதான்.

கப்பல் தயாரானதும் பள்ளத்துக்குள் தண்ணீரைத் திறந்து விடுவார்கள். கப்பல் தானே மிதந்து எழும். அதற்குப் பிறகுதான் உள் வேலை: கதவு, கட்டில், விளக்கு, கம்பளம். குளியலறையைக்கூட வெளியே முழுதாகச் செய்து, பெட்டியைச் செருகுவது போல உள்ளே செருகி விடுகிறார்கள்.

கடைசியில் வெள்ளோட்டம். நடுக்கடலுக்குக் கொண்டு போய் முழு வேகத்தில் ஓட்டி, திடீரென்று நிறுத்தி, வளைத்துப் பார்ப்பார்கள். தேறினால்தான் கம்பெனியிடம் சாவி!

கவிழாதா?

"11 அடுக்கு மேலே இருக்குது. கீழே தண்ணிக்குள்ள 23 அடிதான் இருக்குது. காத்து அடிச்சா கவுந்துடாதா?"

நியாயமான கேள்வி. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையைத் தட்டினால் என்ன ஆகிறது? சாய்ந்து திரும்பவும் நிமிர்ந்து விடுகிறது. கனம் அடியில் இருப்பதுதான் ரகசியம்.

கப்பலிலும் அதே சங்கதிதான். என்ஜின், எண்ணெய்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி என்று கனமான சாமான் எல்லாம் அடியில் இருக்கும். மேல் அடுக்குகளுக்கு முடிந்த மட்டும் லேசான உலோகம் போடுவார்கள்.

அலையில் ஆடாமல் இருக்க வயிற்றின் இரண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி இரண்டு பலகைகள் நீட்டிக் கொள்ளும். கப்பல் இடது பக்கம் சாய்ந்தால் அவை திரும்பி வலது பக்கம் தள்ளும். துறைமுகத்துக்கு வந்ததும் உள்ளே மடங்கிவிடும்.

முன்பக்கம் தண்ணீருக்கு அடியில் பந்து போல ஒரு மூக்கு இருக்கும். கப்பல் முகப்பு கிளப்பும் அலையை இந்த மூக்கு கிளப்பும் இன்னொரு அலை அமுக்கி விடும். தடை குறையும். எண்ணெய் மிச்சம்!

கப்பலின் அடிப்பகுதி ஒரே அறை இல்லை. அஞ்சறைப் பெட்டி போல தடுப்பு வைத்துப் பிரித்திருக்கும். ஒரு அறையில் தண்ணீர் புகுந்தாலும் அடுத்த அறைக்குப் போகாமல் கதவு அடைத்துக்கொள்ளும்.

1912-ல் 'டைட்டானிக்' மூழ்கி சுமார் 1,500 பேர் செத்தார்கள். அந்தக் கப்பலில் எல்லாருக்கும் போதுமான உயிர்காப்புப் படகு இல்லை. அதன் பிறகே 1914-ல் பல நாடுகள் கூடி கப்பல் பாதுகாப்பு விதிகளை எழுதின. இன்று உல்லாசக் கப்பலில் ஏறியதும் பாட்டு, கூத்துக்கு முன்னால் ஆபத்து ஒத்திகை நடக்க வேண்டும். எந்தப் படகு யாருக்கு என்று அப்போதே காட்டி விடுவார்கள்.

48 ஆயிரம் டன்னா?

எம்பிரஸ் 48,000 டன்னுக்கு மேல் என்று சொல்வார்கள். அது கப்பலின் எடை என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு.

கப்பலுக்குள் அடைபட்ட இடம் எவ்வளவு என்பதைக் குறிக்கும் கணக்கு அது. வீட்டுக்கு சதுர அடி சொல்வது போல, கப்பலுக்கு இந்த டன். எடை வேறு கணக்கு.

உலகத்தின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல்களின் பக்கத்தில் வைத்தால் எம்பிரஸ் குழந்தைதான். பின்லாந்தில் கட்டி 2024-ல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆப் தி சீஸ்' கப்பல் 2,48,000 டன்னுக்கும் மேல். 7,000 பயணிகளுக்கு மேல் ஏறலாம். ஒரு டவுனே மிதக்கிறது!

உள்ளே யார்?

எம்பிரசில் ஒரு அறைக்கு இரண்டு பேர் என்று கணக்குப் போட்டால் சுமார் 1,600 பயணிகள். அவர்களுக்கு வேலை செய்ய 650 பேருக்கு மேல் ஊழியர்கள்.

காப்டன், என்ஜினீயர்கள், மாலுமிகள் கப்பலை ஓட்டுகிறவர்கள். அவர்களைவிட அதிகம் பேர் ஓட்டல் வேலை செய்கிறவர்கள். சமையல், பரிமாறுதல், அறை சுத்தம், துணி வெளுப்பு, ஆட்டம் பாட்டம். பயணி தூங்கும்போதும் அடியில் சலவை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

குடிக்க, குளிக்க நல்ல தண்ணீர்? கடல் தண்ணீரைக் காய்ச்சியோ வடிகட்டியோ கப்பலிலேயே செய்து கொள்வார்கள். கரண்ட்டும் கப்பலிலேயே. குப்பைக்கு சர்வதேச விதி உண்டு. பிளாஸ்டிக்கை கடலில் எந்த இடத்திலும் கொட்டக் கூடாது.

ஊழியர்களுக்கும் சட்டம் இருக்கிறது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்கிறது சர்வதேச கடல் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா அதை 2015-ல் ஏற்றுக் கொண்டது.

வேலை தேடும் பையன்களும் பெண்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கப்பல் வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டுக்கு மத்திய அரசின் கப்பல் துறை தலைமை இயக்குநரகம் கொடுத்த லைசென்சு இருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்காக உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. "லட்சம் கொடு, லண்டன் கப்பலில் ஏற்றி விடுகிறேன்" என்று யாராவது சொன்னால் லைசென்சு நம்பரைக் கேளுங்கள். ஆள் நழுவினால் நீங்கள் தப்பித்தீர்கள்!

2022-ல் நடந்தது என்ன?

2025-ல் வந்தது முதல் தடவை அல்ல.

2022 ஜூன் 4-ந் தேதி சென்னை துறைமுகத்தில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் இந்தக் கப்பலின் பயணத்தைத் தொடங்கி வைத்தார். சென்னையில் இருந்து விசாகப்பட்டினம், அங்கிருந்து புதுச்சேரி, திரும்பவும் சென்னை என்பது ஒரு பயணத் திட்டம்.

கப்பல் புதுச்சேரி கடலுக்கும் வந்தது. பயணிகள் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. வந்த வழியே போய்விட்டது.

கப்பலில் சூதாட்டம் நடக்கிறது, மது ஓடுகிறது, ஊர்ப் பண்பாடு கெட்டுப் போகும் என்பது எதிர்த்தவர்கள் வாதம். சுற்றுலா வந்தால் வியாபாரம் நடக்கும், வேலை கிடைக்கும் என்பது ஆதரித்தவர்கள் வாதம். 2025-லும் எதிர்ப்புக் குரல் கேட்டது. ஆனால் அந்தத் தடவை பயணிகள் இறங்கினார்கள்.

கடைக்காரர் கணக்கு வேறு. கப்பல் கண்ணுக்குத் தெரிந்தால் காசு வராது. பயணி படகில் இறங்கி, ஆட்டோ ஏறி, டீ குடித்து, ஒரு பை வாங்கினால்தான் காசு. தூங்க கட்டிலும் மூன்று வேளை சாப்பாடும் கப்பலிலேயே இருக்கிறது. ராத்திரி தங்காத விருந்தாளி அவர். பகல் நேரத்துக்குள் ஊர் அவருக்கு என்ன காட்டுகிறது என்பதுதான் விஷயம்.

அன்றும் படகு, இன்றும் படகு

பெரிய கப்பல் கடலில் நிற்பதும், சின்னப் படகு ஆளை இறக்குவதும் புதுச்சேரிக்குப் புதுசு இல்லை.

ஆனந்தரங்கப் பிள்ளை 18-ம் நூற்றாண்டில் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்த சேதியும் சலங்கு போன சேதியும் வருகின்றன. சலங்கு என்பது கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் ஓடிய படகு.

அந்தப் படகின் கட்டுமானம் அதிசயமானது. ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிறால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு கரை அலையில் மோதி உடைந்து போகும். தைத்த படகு அலை அடிக்கும்போது வளைந்து கொடுக்கும். ஐரோப்பாக் கப்பல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நம்மூர் அலைக்கு நம்மூர் படகுதான் லாயக்கு என்று வெள்ளைக்காரனே ஒத்துக் கொண்டான்.

1910 ஏப்ரல் 4-ந் தேதி அரவிந்தர் புதுச்சேரி வந்ததும் கப்பலில்தான். கல்கத்தாவில் இருந்து வந்த அந்தக் கப்பலின் பெயர் 'டூப்ளே'. கப்பல் கடலில் நிற்க, படகில்தான் கரை சேர்ந்தார். கருவடிக்குப்பத்தில் குயில் தோப்பும் சித்தானந்தர் கோவிலும் பாரதியாரின் பெயரோடு சேர்ந்தவை. அவர் அந்த வருடங்களில் புதுச்சேரியில்தான் இருந்தார்.

சைகோனுக்குப் போன குடும்பங்களும் இப்படித்தான் போயின. குமாஸ்தா வேலை, போலீஸ் வேலை, பட்டாளம் என்று பிரெஞ்சு இந்தோ-சீனாவுக்குப் புறப்பட்டவர்கள் பலர். பெட்டி, படுக்கை, அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாடு எல்லாம் படகில் ஏறி, நடுக்கடலில் கப்பலுக்கு மாறும்.

இறங்கு பாலம் ஒன்று இருந்தது. 1952 புயலில் அது போய்விட்டது. பின்னால் தெற்கே கட்டிய பாலமும் 2022 மார்ச்சில் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தது.

மணல் நடக்கிறது!

சரி, எம்பிரஸ் ஏன் கரைக்கு வரவில்லை?

தண்ணீருக்குள் அது 23 அடி முங்கி நிற்கிறது. தரை தட்டாமல் வர அதைவிட அதிக ஆழம் வேண்டும். புதுச்சேரி துறைமுக வாயில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் இருக்கிறது. அங்கே அவ்வளவு ஆழம் இல்லை. மணல் தூர்ந்து மீன்பிடி படகுகளே சிரமப்படும் இடம் அது.

"தூர் வாரி ஆழம் பண்ண வேண்டியதுதானே? இன்னும் நீளமா கல்லு கொட்ட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல்.

நம் கடற்கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. நடக்கிறது! வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை மணலைத் தெற்கில் இருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. வருடத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர்.

குறுக்கே கல் கொட்டினால் மணல் தெற்குப் பக்கம் தேங்கிவிடும். வடக்கே போக வேண்டிய மணல் போகாது. கடல் சும்மா இருக்குமா? வடக்கே இருக்கிற கரையைத் தின்னும்.

சென்னையில் துறைமுகம் கட்டியபோது இதுதான் நடந்தது. தெற்கே மெரினா மணல் பரந்தது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது.

புதுச்சேரியிலும் 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்பு கட்டினார்கள். அதற்குப் பிறகு காந்தி சிலைக்கு முன்னால் இருந்த மணல் காணாமல் போனது. கருங்கல்தான் மிச்சம். வடக்கே வைத்திக்குப்பம், சோலை நகர், கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் என்று வரிசையாக அடி வாங்கின. கட்டுமரம் இழுத்துப் போட்ட இடத்தில் இப்போது பாறாங்கல். வலை காயப் போட்ட இடத்தில் அலை.

2018-ல் மத்திய அரசின் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் இரும்புத் தடுப்பு ஒன்றை இறக்கியது. அதற்குப் பிறகு தலைமைச் செயலகம் எதிரே கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. பிள்ளைகள் காலை நனைக்க ஒரு இடம் கிடைத்தது. ஆனால் வடக்கே இருக்கிற குப்பங்களுக்கு அந்த மணல் எட்டவில்லை.

எது லாபம்?

ஆக, கப்பலை கரைக்குக் கொண்டு வரத் துறைமுகத்தை நீட்டினால் அதன் விலையை முதலில் கொடுக்கப் போவது வடக்கே இருக்கிற குப்பங்கள். அந்தக் குப்பங்களுக்குப் பின்னால் முத்தியால்பேட்டை. அதற்கு அடுத்து கருவடிக்குப்பம்.

கப்பலே வரக் கூடாதா? வரலாம். வந்து கடலில் நிற்கலாம். சட்டத்துக்கு உட்பட்டதா என்று அரசு பார்த்துக்கொள்ளட்டும். ஆளை இறக்குகிற வேலை படகுக்காரர்களுக்குக் கிடைக்கட்டும். 200 வருடமாக, 300 வருடமாக அந்த அலையில் படகு தள்ளி வாழ்ந்தவர்களுக்கு அது புது வேலையா என்ன?

அதற்கு வேண்டியது பெரிய துறைமுகம் இல்லை. பத்திரமாக ஏறி இறங்க ஒரு நல்ல படித்துறை, உயிர்காப்புச் சட்டை, லைசென்சு எடுத்த படகு, நியாயமான கட்டணம். ஆட்டோவுக்கும் ஒரே கட்டணம் எழுதிப் போட்ட போர்டு. கழிவறை. இவ்வளவுதான்.

சேன் நசேரில் ஆயிரக்கணக்கான பேர் உழைத்து எஃகால் கட்டிய கப்பல் புதுச்சேரிக்கு வந்ததும் சின்னப் படகுக்காகக் காத்து நின்றது. டூப்ளே கப்பலும் அப்படித்தான் நின்றது. நாளைக்கு வருகிற கப்பலும் நிற்கும்.

நிற்கட்டும். மணல் இருக்கிற இடத்தில் மணல் இருந்தால் போதும்.